கூரை ஏறிய கணக்கு வாத்தியார்

முப்பத்திரண்டு வருஷம் நான் கணக்கு வாத்தியாராக இருந்தவன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட, இதை நானே முதலில் சொல்லிவிடுவது கொஞ்சமாவது கௌரவம்.

ஓய்வு பெற்ற கையோடு வீட்டில் கார் பேச்சு கிளம்பியது. நாங்கள் இருப்பது புதுக்கோட்டையில், திருக்கோகர்ணத்துப் பக்கம். பிள்ளையார்பட்டிக்குப் போக வேண்டுமென்றாலும் பஸ், அறந்தாங்கியில் ஒரு காதுகுத்து என்றாலும் பஸ். "உங்க கூட வேலை பாத்தவங்க எல்லாம் கார்ல வர்றாங்க. நாம மட்டும் மொய்க் கவரையும் கையில வச்சுக்கிட்டு கம்பியப் பிடிச்சுத் தொங்கிட்டுப் போறோம்" என்றாள் என் மனைவி. அந்த வாக்கியத்தில் எனக்குப் பதில் சொல்ல இடமே இல்லை. "சரி, வாங்குவோம். கணக்கு வழக்கு எல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றேன். இந்தக் கடைசி வாக்கியத்தை அதற்குப் பிறகு அவள் எத்தனை தடவை திருப்பிச் சொல்லியிருக்கிறாள் என்பதுதான் எங்கள் வீட்டில் யாராலும் போட முடியாத கணக்கு.

இது 2023 ஆவணியில். கடையில் விலையைக் கேட்டேன். 9,93,000 என்றார்கள். அது கடை விலை, ரோட்டுக்கு வரும்போது வேறு விலை என்று ஊரில் எல்லாரும் பயமுறுத்தினார்கள். 'பதிவுக்கே ரெண்டு லட்சம் ஆயிடும்' என்றார் டீக்கடையில் ஒருவர். அவர் சைக்கிளில் வருகிறவர்.

நான் விடுவேனா? மோட்டார் வாகன விதிகளைத் தேடிப் பிடித்துப் படித்தேன். சொந்த உபயோகக் காருக்குப் பதிவுக் கட்டணம் எவ்வளவு தெரியுமா? அறுநூறு ரூபாய். எழுத்தால் அறுநூறு மட்டும். மறுநாள் டீக்கடையில் அந்தத் தாளை விரித்து வைத்து, விஷயம் தெரியாமல் பேசும் ஜனங்களைப் பற்றி ஒரு பீரியட் நடத்தினேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். கடைசியில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே, "பதிவு அறுநூறுதான் சார். ஆயுள் வரி யாரு கட்டுவா?" என்றார்.

"யாருடைய ஆயுள்?" என்று கேட்டேன். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டேன்.

காரோட ஆயுளாம். வருஷா வருஷம் கட்டாமல், வாங்கும்போதே மொத்தமாக வாங்கிக்கொள்கிறார்கள். அப்போது நம் மாநிலத்தில் பத்து லட்சம் வரைக்கும் உள்ள காருக்கு விலையில் 10 சதவீதம், அதற்கு மேலே போனால் 15. அந்த விலையிலேயே ஜி.எஸ்.டி. அடங்கியிருக்கிறது. அதாவது வரி கட்டி வாங்கிய பொருளின் மேல், கட்டிய வரிக்கும் சேர்த்து இன்னொரு வரி. வட்டிக்கு வட்டியைத்தான் நான் கூட்டுவட்டி என்று பாடம் நடத்தியிருக்கிறேன். வரிக்கு வரி பாடத்திட்டத்தில் இல்லை.

அறுநூறு ரூபாயை மனதில் வைத்திருந்தவனுக்கு 99,300 என்றால் நெஞ்சு அடைக்கத்தான் செய்யும். அடைத்தது. தீபாவளிக்குத் தள்ளுபடி தருவார்கள், அதுவரை பொறுப்போம் என்று குடும்பத்துக்கு யோசனை சொன்னேன். மாமியாரும் புரட்டாசியில் வாங்க வேண்டாம் என்றார்கள். நானும் மாமியாரும் ஒத்துப்போன அபூர்வமான சந்தர்ப்பம் அது. அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

2023-இல் தீபாவளி நவம்பர் 12. புதிய ஆயுள் வரி அமலுக்கு வந்த தேதி நவம்பர் 9. ஐந்து லட்சம் வரை 12 சதவீதம், ஐந்திலிருந்து பத்துக்கு 13, பத்திலிருந்து இருபதுக்கு 18, இருபதுக்கு மேலே 20. எங்கள் கார் விலைக்கு அந்த மூன்று சதவீத ஏற்றம் 29,790 ரூபாய். தீபாவளிக்கு அந்தக் கடையில் தந்த சிறப்புச் சலுகை ஒரு குடையும், இரண்டு தண்ணீர் பாட்டிலும். ஆக, மூன்று மாதம் காத்திருந்து முப்பதாயிரத்துக்கு ஒரு குடை. அது மழைக்கு ஒழுகும் என்பதைப் பின்னால் கண்டோம்.

அந்த அதிர்ச்சியிலேயே கார்த்திகையும் போனது. மார்கழியில் வாங்கக் கூடாது. தை பிறந்ததும் முன்பணம் கட்டப் போனோம்.

கடையில் எங்களை வரவேற்ற பையனைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. என்னிடம் படித்தவன். எட்டாம் வகுப்பில் சதவீதக் கணக்கில் கோட்டை விட்டதற்காக நான் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியவன். ஒரு பீரியட் இல்லை, இரண்டு பீரியட். இப்போது கழுத்தில் டை, கையில் டேப்லெட். "சார், உக்காருங்க சார்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். நான் உட்காரும்வரை அவன் உட்காரவில்லை. நல்ல பையன். அதுதான் எனக்கு மேலும் சங்கடம்.

வெள்ளைக் காரைக் காட்டினான். நன்றாக இருந்தது. பக்கத்திலேயே அதே காரைக் கறுப்புக் கூரையோடு நிறுத்தி வைத்திருந்தார்கள். உடம்பு வெள்ளை, மேலே மட்டும் கறுப்பு. என் மனைவி வெள்ளைக் காரை ஒரு சுற்றுச் சுற்றினாள். கறுப்புக் கூரைக் காரை மூன்று சுற்று. நவக்கிரகத்துக்குக்கூட அவள் அத்தனை பக்தியாகச் சுற்றி நான் பார்த்ததில்லை.

"கூரைக்கு எவ்வளவு கூட?" என்று கேட்டேன்.

"பதினாறாயிரம் சார். 10,09,000 வரும். ஆனா சார், பத்து லட்சத்தத் தாண்டுனா வரி..." என்று இழுத்தான்.

"தெரியும்ப்பா" என்றேன்.

இந்த ஒரு சொல்லை மட்டும் நான் அன்றைக்குச் சொல்லாமல் இருந்திருந்தால், இந்தக் கட்டுரையை நீங்கள் படிக்க வேண்டி வந்திருக்காது.

எனக்குத் தெரியும் என்று நான் நினைத்தது என்ன? முப்பது வருஷமாக வருமான வரி கட்டியவன் நான். அதில் ஒரு படியைத் தாண்டினால், தாண்டிய பணத்துக்கு மட்டும்தான் கூடுதல் வரி. கீழே உள்ள பணத்துக்குப் பழைய வரிதான். அதே மாதிரி இதுவும் இருக்கும் என்று, மேஜை மேல் கிடந்த விளம்பரத் தாளின் பின்பக்கம் போட்டேன். பத்து லட்சத்துக்கு 13 சதவீதம், 1,30,000. மேலே உள்ள ஒன்பதாயிரத்துக்கு 18 சதவீதம், 1,620. ஆக 1,31,620. வெறும் வெள்ளைக் காருக்கு 1,29,090. வித்தியாசம் 2,530 ரூபாய்தான். விடைக்குக் கீழே இரட்டைக் கோடு போட்டு, மனைவியிடம் நீட்டினேன். "கூரை பதினாறு, வரி ரெண்டரை. எடுத்துக்க" என்றேன், கொடை வள்ளல் மாதிரி.

அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. கறுப்புக் கூரையோடு கார் படம், நாங்கள் கடையை விட்டுப் படி இறங்கும் முன்பே ஆலங்குடி, காரைக்குடி, சிங்கப்பூர் ஆகிய மூன்று ஊர்களைச் சேர்ந்துவிட்டது.

பத்து நாள் கழித்துப் பில் வந்தது. ஆயுள் வரி: 1,81,620.

எனக்கு வந்தது கோபம்கூட இல்லை, ஒருவிதக் குஷி. கடைக்காரன் கணக்கில் பிழை பிடித்துவிட்டோம் அல்லவா! சரியாக ஐம்பதாயிரம் ரூபாய் தப்பு. எடுத்தேன் ஸ்கூட்டரை. கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், அவர்கள் காதிலும் விழட்டும் என்று கொஞ்சம் குரலை உயர்த்தியே ஆரம்பித்தேன். என் இரட்டைக் கோட்டுத் தாளையும் எடுத்துக் காட்டினேன்.

அந்தப் பையன் தாளை வாங்கிப் பார்த்தான். என்னைத் தனியாக ஒரு மூலைக்கு அழைத்துக்கொண்டு போனான். அதுதான் அவன் எனக்குச் செய்த மரியாதை. மெதுவான குரலில், "சார், இது வருமான வரி மாதிரி இல்ல சார். பத்தத் தாண்டிட்டா, தாண்டுனதுக்கு மட்டும் இல்ல, மொத்தத்துக்கும் பதினெட்டு. 10,09,000-க்கு பதினெட்டு பர்சென்ட் போட்டுப் பாருங்க சார்" என்றான்.

போட்டுப் பார்த்தேன். 1,81,620.

"அன்னைக்கே சொல்ல வந்தேன் சார். நீங்க தெரியும்னுட்டீங்க."

பெஞ்சு ஒன்றுதான் அங்கே இல்லை. இருந்திருந்தால் நானே ஏறி நின்றிருப்பேன்.

"இன்னொண்ணு சார்" என்று தயங்கினான். பத்து லட்சத்துக்கு மேலே போன காருக்கு டி.சி.எஸ். என்று ஒரு சதவீதம் கடையிலேயே பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டுமாம். அதுவும் மொத்த விலைக்கும்தான். 10,090. "இது திரும்பக் கிடைக்கும் சார், ரிட்டர்ன் போடும்போது கழிச்சுக்கலாம்" என்று ஆறுதலும் சொன்னான்.

கூரையை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று கேட்டேன். வண்டி எங்கள் பேருக்கு ஒதுக்கி, சேசிஸ் நம்பரோடு வந்து இறங்கிவிட்டது. அவன்கூட ஏதாவது செய்திருப்பான். ஆனால் சிங்கப்பூர்வரை போன படத்தை யார் திருப்பி வாங்குவது?

வீட்டுக்கு வரும் வழியில் கூட்டிப் பார்த்தேன். கூரை 16,000. அதனால் ஏறிய வரி 52,530. டி.சி.எஸ். 10,090. மொத்தம் 78,620 ரூபாய். எங்கள் வீட்டுக்கே அப்பா காலத்தில் ஓடு வேய்ந்தபோது இவ்வளவு ஆகவில்லை.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன், இனி மானம் போக என்ன இருக்கிறது! பதிவுக் கட்டணம் 600 சத்தியமாக அந்தப் பில்லில் இருந்தது, கல்யாண வீட்டில் தூரத்துச் சொந்தம் உட்கார்ந்திருப்பது போல ஓரமாக. ஆர்.சி. அட்டைக்கு 200. ரெண்டு லட்சம் பாங்கில் கடன் வாங்கியிருந்தோம், ஆர்.சி.யில் அந்தக் கடனைக் குறிக்க 1,500. நான் கடன்காரன் என்று அரசாங்கம் எழுதித் தருவதற்குக் காசு, அதுவும் என்னிடமே. சாலைப் பாதுகாப்பு வரி என்று ஒன்று. இன்சூரன்சில் நம்ம வண்டிக்கு ஒரு வருஷம், நாம் இடிக்கப் போகிறவர்களுக்கு மூன்று வருஷம். 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து புதுக் காருக்கு அப்படித்தான். எங்கள் எஞ்சின் அளவுக்கு அந்த மூன்று வருஷத்துக்கு 10,640, அதற்கும் மேலே ஜி.எஸ்.டி. நான் ஓட்டும் லட்சணத்தைப் பார்த்தவர்கள் இது மலிவு என்கிறார்கள்.

பாய், மட்கார்டு, நாலு மூலைக்கும் பிளாஸ்டிக் என்று ஒரு பெட்டியையும் சேர்த்திருந்தார்கள். இது கட்டாயமா என்று கேட்டேன். கட்டாயம் இல்லை என்றான் பையன். கட்டாயம் இல்லாத ஒரே பொருள் அதுதான் என்பதால் அதை மட்டுமாவது வெட்டிவிட வேண்டும் என்று வீராவேசமாக நின்றேன். வெட்டினேன். மறுவாரம் கீழ ராஜ வீதியில் அதே பாயை வெளியே வாங்கினோம். நூற்றைம்பது ரூபாய் கூட.

என் மச்சினன் சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டான். எங்கள் ஜில்லாவில் வீட்டுக்கு ஒருத்தராவது அங்கே இருப்பார்கள். என் புலம்பலைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மச்சான், நீங்க குடுத்து வச்சவரு. இங்க கார் வாங்குறதுக்கு முன்னாடி, கார் வச்சுக்கலாம்னு ஒரு சர்டிபிகேட்டை ஏலத்துல எடுக்கணும். பத்து வருஷம்தான் செல்லும். போன அக்டோபர்ல பெரிய காருக்கு அந்தப் பேப்பர் மட்டும் ஒன்றரை லட்சம் வெள்ளி" என்றான். நம் காசுக்குத் தொண்ணூறு லட்சத்தைத் தொடும். 1990-இலிருந்து அங்கே அப்படித்தானாம். "நீ என்ன கார் வச்சிருக்க?" என்று கேட்டேன். "நான் எம்.ஆர்.டி. ரயில்ல போறேன் மச்சான்" என்றான். இவனைப் போய் அக்காவுக்கு ஆறுதல் சொல்லச் சொன்னால், "அக்கா, கூரை சூப்பர்" என்று சொல்லி வைத்தான்.

ஒரு வழியாக டி.என். 55 என்று நம்பர் பலகை மாட்டி மாசி மாதம் கார் வீட்டுக்கு வந்தது. எண்ணைக் கூட்டினால் எட்டு வந்தது. பிடித்த எண் வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவியே, "எட்டு இருந்துட்டுப் போகுது, வுடுங்க" என்றாள். என் மேல் உள்ள இரக்கத்தால் சனி பகவானையே பகைத்துக்கொண்டவள்.

முதல் பயணம் பிள்ளையார்பட்டிக்கு. திருமயத்தில் நிறுத்திக் கோட்டை பைரவருக்கு ஒரு சூறைத் தேங்காய். லெம்பலக்குடி சுங்கச்சாவடியில் டிக்கென்று ஒரு சத்தம், போனில் பணம் போன செய்தி. ஆயுளுக்கும் சேர்த்து வரி கட்டியாச்சே, அப்புறம் இது எதுக்கு என்று கேட்டாள். "அது கார் வச்சிருக்கிறதுக்கு, இது கார் ஓட்டுறதுக்கு" என்றேன். "அப்ப நிறுத்தி வைக்கிறதுக்கு?" என்றாள். பிள்ளையார்பட்டியில் போய் இறங்கியதும் பார்க்கிங் சீட்டோடு ஒருத்தர் வந்து நின்றார். அவளுக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லாமல் போனது.

ஆர்.சி. கைக்கு வரவில்லை. 2024 பிப்ரவரி 28-இலிருந்து ஆர்.சி., லைசென்ஸ் எல்லாம் விரைவுத் தபாலில்தான் வரும் என்று ஆகிவிட்டது. தபால்காரர் வந்த அன்று நாங்கள் குடும்பத்தோடு திருவப்பூர் முத்துமாரியம்மன் கோயிலில் இருந்தோம். கதவு பூட்டிக் கிடந்தது. மறுநாளும் போனோம், சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு, காரில். அன்றும் வந்திருக்கிறார். ஆள் இல்லாமல் திரும்பிப் போனால் அது ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கே போய்விடும் என்று யாரோ சொல்ல, இரண்டு நாள் திண்ணையில் காவல் இருந்தேன்.

என் மனைவி அதைவிட நல்ல வழி செய்தாள். திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாளை எங்கள் ஊரில் அரைக்காசு அம்மன் என்போம். தொண்டைமான் மன்னர்கள் காலத்தில் அம்மன் உருவம் போட்டு அடித்த காசால் வந்த பேர். எது தொலைந்தாலும் அவளிடம் வெல்லம் வேண்டிக்கொண்டால் கிடைத்துவிடும். வேண்டிய மூன்றாம் நாள் ஆர்.சி. வந்தது. ஆர்.சி.யில் பெயர், சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் எல்லாம் இருந்தன. வண்டியின் நிறம் என்ற இடத்தையும் அவள் விரல் வைத்துப் படித்தாள்.

வெல்லத்தைச் செலுத்திவிட்டு வரும்போது, "போன பணத்துக்கும் சேத்து வேண்டிக்கிட்டேன்" என்றாள். அறுபதைத் தாண்டிய கணக்கு வாத்தியார் இதற்கெல்லாம் சிரிக்கத்தான் செய்வார். சிரித்தேன். ஆனால் வருமான வரி ரிட்டர்ன் போட்டு, ஆகஸ்டில் 10,090 ரூபாய் பாங்குக் கணக்கில் வந்து விழுந்ததும் அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அந்தப் பணத்தில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை, அது அம்மன் கொடுத்தது என்று தீர்ப்பாகிவிட்டது.

அம்மன் கொடுத்த பணத்தில் என்ன வாங்கினாள் என்கிறீர்களா? எங்கள் வாசலில் ஒரு வேப்பமரம். அதில் புதுக்கோட்டைக் காக்காய்களின் பொதுக்குழு. கறுப்புக் கூரையில் எச்சம் விழுந்தால் ஒரு மைலுக்குத் தெரியும். சித்திரை வெயிலில் அந்தக் கூரையில் அப்பளமே சுடலாம். அதனால் காருக்கு ஒரு உறை வாங்கினாள். சாம்பல் நிறம், தலை முதல் டயர் வரை மூடுகிற மாதிரி. வாரத்தில் ஆறரை நாள் கார் அதற்குள்ளேதான் தூங்குகிறது.

சரி, இத்தோடு போகட்டும் என்றிருந்தேன். 2025 செப்டம்பர் 22 அன்று சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி.யைக் குறைத்தார்கள். நாலு மீட்டருக்கு மேல் நீளாத, 1,200 சி.சி.க்கு மேல் போகாத பெட்ரோல் காருக்கு, செஸ்ஸும் சேர்த்து 29 சதவீதமாக இருந்தது 18 ஆகிவிட்டது. போட வேண்டாம் போட வேண்டாம் என்று ராத்திரி பதினோரு மணிவரை கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். பிறகு எழுந்து போய்க் காலண்டர் தாளின் பின்னால் போட்டேன். அடிப்படை விலை மாறாது என்று வைத்துக்கொண்டால், அதே காரின் விலை, கறுப்புக் கூரையோடு, 9,22,960 சொச்சம். பத்து லட்சத்துக்குள். எனவே 13 சதவீதம்தான். ஆயுள் வரி 1,20,000-க்குப் பக்கம். டி.சி.எஸ். கிடையாது. மொத்தத்தில் நான் கொடுத்ததைவிட ஏறத்தாழ ஒன்றரை லட்சம் குறைவு. இந்த முறை இரட்டைக் கோடு போடவில்லை. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் படுத்தேன்.

தீபாவளி வாரத்தில் எதிர் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அந்த வருஷம்தான் அங்கே குடிவந்திருந்த பாங்குக்காரர். கையில் லட்டுப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். "வரி குறைஞ்சுதே சார், உடனே போட்டுட்டேன்" என்றார். வெள்ளை உடம்பு. கறுப்புக் கூரை.

என் மனைவி லட்டை வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தாள். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன்.

"உள்ளூர்ல இந்தக் கலர்ல வேற வண்டியே பாக்கல சார். ஆமா, உங்க கார் என்ன கலர்? எப்பவும் மூடியே இருக்கு" என்றார்.

நான் போய் உறையின் ஒரு முனையை லேசாகத் தூக்கிக் காட்டினேன். குனிந்து பார்த்தார்.

"ஓ, வெள்ளையா?" என்றார்.